பழைய வெர்ஷன் அண்ணன்

திரையின் மூலையில் "புதிய பதிப்பு தயார்" என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தால் மற்றவர்கள் அதைப் படிப்பார்கள், இல்லையென்றால் மூடுவார்கள். பழைய வெர்ஷன் அண்ணன் நெட் வயரைப் பிடுங்குவார். பிடுங்கிவிட்டு, "யாருடா இதைக் கிளிக் பண்ணது?" என்று கடையில் இருக்கும் எல்லாரையும், டீ கொண்டுவந்த பையன் உட்பட, ஒரு சுற்று முறைப்பார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்துகளில், காதுகுத்து ஃப்ளெக்ஸ் முதல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரை மனிதனின் எல்லாக் கட்டத்துக்கும் டிசைன் போட்டுத் தரும் கடைகளில் இவரைக் காணலாம். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பென்டிரைவ் இருக்கும். மானிட்டர் நெற்றியில் போன ஆயுத பூஜையின் குங்குமம் இருக்கும். உள்ளே பேஜ்மேக்கர் 7.0 இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். 2001-இல் வந்த அதுதான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு. அதற்குப் பிறகு வந்த மென்பொருள் எல்லாம் அண்ணனைப் பொறுத்தவரை வதந்தி.

கேலி செய்வது சுலபம். ஆனால் அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது; அதில் பாதி தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. அண்ணனின் ஃபாண்டுகள் யூனிகோடு புழக்கத்துக்கு வருவதற்கு முந்தியவை. ஒவ்வொரு ஃபாண்டுக் குடும்பத்துக்கும் தனித் தனி ஏற்பாடு. ஒன்றில் அடித்த வாழ்த்தை இன்னொன்றுக்கு மாற்றினால் வசவாகிவிடும். அவற்றில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிக்க வேண்டும், கையால் எழுதுகிற வரிசையில். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. அந்தக் கொம்பைத் திரையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. போட்டோஷாப்பின் பல பதிப்புகளைப் புதிதாக ஏற்றினால், யாராவது சொல்லும்வரை அந்த வேலையை அது செய்யாது.

ஆக, மணப்பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேட்டரை எடுத்து ஒட்டியதும், 'செல்வி'யில் ச-வுக்குச் சொந்தமான ஒற்றைக்கொம்பு, பக்கத்தில் நிற்கும் 'ல்'லோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பத்திரிகையே இன்னும் அச்சாகவில்லை, அதற்குள் இப்படி. கடைப் பையன் செட்டிங்கைக் குடைந்து, 'டைப்' என்ற பகுதியில் மத்திய கிழக்கையும் தெற்காசியாவையும் ஒரே வரியில் உட்காரவைத்த வட்டத்தைக் கண்டுபிடித்து அழுத்துவான். புது ஃபைலில் கொம்பு வீடு திரும்பும். "தமிழுக்கும் அரபிக்கும் ஒரே பெஞ்சா?" என்பார் அண்ணன். நன்றி என்ற சொல் அவர் வாயில் வராது. அதுவும் பழைய வெர்ஷனில் இல்லாத வசதி.

எல்லா அப்டேட்டுகளையும் மன்னித்தாலும் 2018 அக்டோபரில் வந்ததை அண்ணன் மன்னிக்க மாட்டார். அதுவரை போட்டோஷாப்பில் ஒரு படத்தை முகம் கோணாமல் பெரிதாக்க ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். அந்தப் பதிப்பிலிருந்து ஷிஃப்ட் இல்லாமலே முகம் கோணாது. ஷிஃப்டை அழுத்தினால்தான் கோணும். யோசித்துப் பார்த்தால் நியாயமான மாற்றம். எல்லாரும் எப்போதும் அழுத்துகிற விசையை எதற்கு அழுத்தவைக்க வேண்டும்? ஆனால் அண்ணனின் இடது சுண்டுவிரலிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. அது வழக்கம்போல ஷிஃப்டில் போய் உட்கார்ந்தது. இருபதுக்குப் பத்து பேனரில் மாவட்டச் செயலாளர் தோசைக்கல்லில் ஊற்றிய மாவுபோலப் பரந்தார்.

"வைரஸ்" என்றார் அண்ணன். எதற்கும் அதுதான் முதல் தீர்ப்பு. மேல்முறையீட்டில் "கிராஃபிக்ஸ் கார்டு" என்பார். கட்சிக்காரர் வாசலில் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டால், "ஃபைலே கரப்ட்."

இதில் இன்னொரு கூத்து. படத்துக்கும் எழுத்துக்கும்தான் புதுச் சட்டம். வெக்டர் உருவங்களுக்குப் பழைய சட்டமே நீடித்தது. அதாவது தலைவரின் முகத்துக்கு ஷிஃப்ட் கூடாது, அவரைச் சுற்றிய வட்டத்துக்கு ஷிஃப்ட் வேண்டும் என்று அப்போது இருந்தது. பழையபடி ஆக்க வேண்டுமென்றால், ஆரம்பத்தில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உண்டாக்கி, அதில் ஒரு வரி எழுதி, செட்டிங் ஃபோல்டரில் போட வேண்டியிருந்தது. சில மாதம் கழித்துத்தான் 'லெகசி' என்று ஒரு டிக் பெட்டி கொடுத்தார்கள். அதைப் பையன் காட்டியபோது அண்ணன் டிக் அடித்துவிட்டு, "பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றார்.

பழுது பார்ப்பதில் மட்டும் அவரைக் குறைத்து எடை போடக்கூடாது. கோரல்டிராவைப் புதுப்பித்த மறுநாள் ஒரு பழைய ஃபைல் திறந்ததும் தொங்குகிறது என்று வையுங்கள். பையன் மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்புவான். அண்ணன் கை காட்டி நிறுத்துவார். "இந்த ஃபைல் மட்டுமா, எல்லாமேவா?" பல ஹெல்ப்லைன்களில் அரைமணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகே கிடைக்கும் கேள்வி இது. இந்த ஃபைல் மட்டும் என்றால், புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து பழசை அதற்குள் இம்போர்ட் செய்வார். சரியாகவில்லையா, ஒரு நகல் எடுத்துக்கொண்டு பாதியை அழிப்பார். தொங்குகிறதா? மிச்சத்தில் பாதி. அப்படியே குறுக்கிக்கொண்டே போனால், படத்தை உருவத்துக்குள் அடைக்கும் பவர்கிளிப்புக்குள் பவர்கிளிப்புக்குள் பவர்கிளிப்பாக, எவரோ வைத்துவிட்டுப் போன ஒரு மயில்தோகை படம் ராட்சச அளவில் படுத்திருக்கும். அதை வெளியே இழுத்துப் போடும்போது அண்ணன் முகத்தில் தெரியும் திருப்தி, பணம் வாங்கும்போதுகூடத் தெரியாது.

எஃப் 8 விசையை அழுத்திக்கொண்டு கோரலைத் திறந்தால் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் செய்யவே மாட்டார். அவர் வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து ஒதுக்கி வைத்த டூல்பார்கள் அதில் கரைந்துவிடும். ஒரு தடவை பையன் அழுத்திவிட்டான். அன்று மதியம் அண்ணன் சாப்பிடவில்லை.

2022 நவம்பரில் போட்டோஷாப்பிலிருந்து பேன்டோன் வண்ணத் தொகுப்புகள் பலவற்றை விலக்கி, தனிச் சந்தா கேட்டார்களே, அப்போது பழைய ஃபைல்களில் சில நிறங்கள் கறுப்பாகத் திறந்ததாக உலகமெங்கும் டிசைனர்கள் புலம்பினார்கள். அண்ணன் அசரவில்லை. அவர் வெர்ஷனுக்கு அந்தச் செய்தியே எட்டவில்லை.

கடை முதலாளி ஒருநாள் ஆசைப்பட்டுக் கோரல்டிராவின் புதுப் பதிப்புக்குச் சந்தா கட்டினார். அன்றே சிவகாசி அச்சகத்திலிருந்து போன்: "அண்ணே, ஃபைல் ஓப்பன் ஆகல. எக்ஸ் 3-ல சேவ் பண்ணி, கர்வ் பண்ணி அனுப்புங்க." புதியதில் செய்த கல்யாணப் பத்திரிகையை 2006-இல் வந்த பதிப்புக்கு இறக்கினார்கள். இறக்கும்போது நிழல் ஒன்று கட்டம்கட்டமாக உடைந்தது. அதை அண்ணன் கையால் ஒட்டுப்போட்டு, எழுத்தையெல்லாம் கர்வாக மாற்றி, அதே ஃபைலின் மேலேயே சேமித்து, அனுப்பு என்றார். "ஃபைனல் லாஸ்ட் ஓகே 2" என்று பெயர்.

மாப்பிள்ளையின் சித்தப்பா புரூஃபைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அண்ணே, முகூர்த்தம் ஒன்பதுல இருந்து பத்தரை. இங்க பத்தரைல இருந்து ஒன்பதுன்னு இருக்கே."

எழுத்தைத் திருத்தலாம் என்று பையன் கிளிக் செய்தான். எழுத்து இல்லை, வெறும் கோடுகள். கர்வ் செய்யாத மூல ஃபைல் எங்கே என்று தேடினான். அதன் மேல்தான் சேமித்தாயிற்றே. அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

"சொன்னா கேக்குறீங்களாடா" என்றார் அண்ணன், பேஜ்மேக்கரைத் திறந்துகொண்டே. "எல்லாம் அப்டேட் பண்ணதால வந்த வினை."