பேராண்டி பார்த்த பழைய கோயில்

வாடா பேராண்டி. பிரான்சு போயிட்டு வந்ததுலேர்ந்து ஒன்னைக் கையில பிடிக்க முடியல. ஏதோ பட்டிக்காட்டுல எண்ணூறு வருஷத்துச் சர்ச்சாம், ஊருல ஒருத்தன் விடாம செல்போன்ல படம் காட்டுற.

படம் நல்லாத்தான் இருக்கு. மொத்தச் சுவரு, சின்னச் சன்னலு. கல்லுல வளைச்ச கூரை சுவரைப் பக்கவாட்டுல தள்ளும். சன்னலைப் பெரிசா வெச்சா சுவரு வாயப் பொளந்துரும்னு அந்தக் காலத்துக் கொத்தனுக்குப் பயம். பொறவு வளைவைக் கூராக்கி, பாரத்தைத் தூணுல எறக்கி, வெளியிலேர்ந்து முட்டு குடுத்தான், நாம கொலை தள்ளுன வாழைக்குக் குடுக்குறாப்புல. பாரீசுக்குப் பக்கத்துல செயின்ட் தெனிஸ் கோயில்ல 1144ல அந்த வித்தை கண்ணுல பட்டுது. சுவருக்குச் சுமை கொறைஞ்சதும் கலர் கண்ணாடிக்கு யோகம் அடிச்சுது. கோத்திக்குங்குறான் அதை.

இதைப் பாக்கவா பிளேன் ஏறுன? திருச்சி மெயின்கார்டுகேட்ல எறங்கு. தெப்பக்குளத்தாண்ட லூர்து மாதா கோயில் ஊசியாட்டம் நிக்குது. பிரெஞ்சுச் சாமியாருங்க வெச்ச வேலை. நாகப்பட்டினத்துல 1844ல தொடங்கின சூசையப்பர் காலேஜை 1883ல இங்க பேத்துக்கிட்டு வந்தவங்க அவங்கதான்.

வயசை மட்டும் கேக்காத. நூத்துச் சொச்சந்தான். இதுக்கு மாதிரியா இருந்த லூர்து ஊர்க் கோயிலையே 1876லதான் அர்ச்சிச்சாங்க. நரைமுடி வெச்சுக்கிட்டு வந்த சின்னப்பய அது!

சீரங்கம் மட்டும் என்னவாம்? தெற்கு ராஜகோபுரத்தைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிற வெளியூர்க்காரன், ராமானுசர் காலத்துலேர்ந்து நிக்குதுன்னு நெனைக்கிறான். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லயும் அது மொட்டைதான். விஜயநகரத்து ராயருங்க விட்டுட்டுப் போனது, 400 வருஷத்துக்கு மேல அப்படியே கெடந்துது. 1752ல ஒன்னோட பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தோட இந்தச் சீரங்கத் தீவுலதான் முடங்கி, இங்கிலீசுக்காரன்கிட்ட சரணடைஞ்சான். அவனும் மொட்டையத்தான் பாத்திருப்பான். 1979ல அகோபில மடத்து 44ஆம் பட்டம் சீயர், எம்பது தாண்டின கெழவர், வேலையில எறங்கினாரு. ஒரு நிலைக்கு நம்ம இளையராஜா பணம் குடுத்தாரு. 13 நிலை, 236 அடி, 1987ல கும்பாபிஷேகம். என் வயசுக்காரன் எவனைக் கேளு, அந்தக் கூட்டத்துல செருப்பைத் தொலைச்ச கதை சொல்லுவான்.

நிலைப்படியோட நின்னுபோன ஒங்கப்பன் வீட்டைச் சொல்லிச் சிரிக்கிறியே, பிரான்சுல பொவேன்னு ஒரு ஊரு. ஒசரம் ஒசரம்னு சர்ச்சைக் கட்டி, 1284ல கூரை விழுந்துது. திரும்பக் கோபுரம் ஏத்தி, அதுவும் 1573ல விழுந்துது. முன்மண்டபம் கட்டவே இல்ல. அரைக்கோயில் இன்னும் அப்படியே நிக்குது. ஒங்கப்பனுக்குப் பேங்கு வட்டி, அவனுக்கு அதுவும் இல்ல.

அதனால ஒண்ணு செய். அடுத்த தடவை கையில காசில்லன்னா டிக்கெட்டு எடுக்காத. லூர்து மாதா கோயிலை நல்லாக் கீழேர்ந்து படம் பிடிச்சு, பிரான்சுன்னு போட்டுவிடு. மாமனார் வூட்டுல ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். ஓரத்துல ஷேர் ஆட்டோ விழாமப் பாத்துக்க.