அமரோக்காரர்

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் அமரோக் பிக்கப் வைத்திருப்பவரிடம் "வண்டி எப்படி ஓடுகிறது?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். முதல் அரை மணி நேரம் கம்பெனி ஏற்றிய சாஃப்ட்வேரைத் திட்டுவார். அடுத்த அரை மணி நேரம் தானே ஏற்றிய சாஃப்ட்வேரைப் புகழ்வார்.

திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. சோதனைக்கூடத்தில் புகையை அடக்கிவிட்டு, சாலைக்கு வந்ததும் அவிழ்த்துவிடும் மென்பொருளை டீசல் வண்டிகளில் ஃபோக்ஸ்வாகன் ஒளித்து வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி வண்டிகள். 2016 ஜனவரியில் ஜெர்மனியில் அவற்றை அழைத்துத் திருத்தத் தொடங்கியபோது, முதலில் அழைக்கப்பட்டது இரண்டு லிட்டர் அமரோக்தான். டீலரிடம் விட்டால் அரை மணி நேர சாஃப்ட்வேர் அப்டேட், காசும் இல்லை. 1.6 லிட்டர்காரர்களுக்காவது காற்று போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் வலையை மாட்டினார்கள். தொட்டுப் பார்க்க ஏதோ இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை.

"உள்ளே எதை ஏற்றினான் என்று யாருக்குத் தெரியும்?" என்பார். டீசல் கூடுதலாகக் குடிக்கிறது, இழுவை குறைந்துவிட்டது, வால்வில் கரி படிகிறது என்று புகார்கள் நீளும். அப்படியெல்லாம் எதுவும் மாறாது என்றது கம்பெனி. அப்டேட் செய்யாத வண்டி சாலையில் ஓடும் உரிமையை இழக்கலாம் என்று ஃப்ளென்ஸ்பர்க்கில் இருக்கும் மோட்டார் வாகன ஆணையம் எச்சரித்தது. முணுமுணுத்துக்கொண்டே டீலரிடம் போனார்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கேபிளைச் செருகினார். சாவியைத் திருப்பினால் மீட்டர் முள்ளெல்லாம் ஒருமுறை உச்சிவரை போய்த் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை. முள் எழுந்தபோது பேரப்பிள்ளை எழுந்து நின்றதைப் பார்த்த தாத்தாவின் பூரிப்பு அந்த முகத்தில். இந்த சாஃப்ட்வேரை எழுதியவன் யார், உள்ளே என்ன ஏற்றினான் என்ற கேள்வியெல்லாம் இப்போது எழவில்லை.

ஆசை அதோடு நின்றால் பரவாயில்லை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்துவார், பெரிய டயர் போடுவார், ஆற்றில் இறங்கப்போகிறவர்போல் கூரைவரை மூச்சுக்குழாயும் வைப்பார். (இறங்குவது பெரும்பாலும் கார் கழுவும் நிலையத்தில்தான்.) ஆண்டுதோறும் பாட் கிஸ்ஸிங்கனில் நடக்கும் ஆஃப்ரோடு கண்காட்சிக்குப் போனால் இவரைப் போன்றவர்களை மொத்தமாகப் பார்க்கலாம்.

ஆனால் ஜெர்மனியில் கலகத்துக்கும் முத்திரை வேண்டும். வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றத்தைச் செய்தாலே வண்டியின் அனுமதி காலாவதி. ஸ்பிரிங்குக்குத் தாள், டயருக்குத் தாள் என்று ஒரு கோப்பைச் சுமந்துகொண்டு ட்யூஃப் என்ற வாகனச் சோதனை அமைப்பின் பரிசோதகர் முன் பள்ளிப் பையனைப்போல் நிற்பார். பெரிய டயர் போட்டால் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அது சட்டப்படி கூடாது. ஆகவே அதைச் சரிசெய்ய மறுபடியும் சாஃப்ட்வேர்!

இன்னொன்றையும் அவர் எதிரில் சொல்லாதீர்கள்: இப்போதைய அமரோக், ஃபோர்டு ரேஞ்சரோடு சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் ஃபோர்டு ஆலையில் தயாராகிறது.

ஜெர்மனியில் பழைய அமரோக் வாங்க நினைக்கும் நம்மவர்களே, விலை பேசும் முன் கோப்பைக் கேளுங்கள். டயரும் ஸ்பிரிங்கும் அதில் இல்லையென்றால், ட்யூஃப் வரிசையில் அடுத்து நிற்கப்போவது நீங்கள்தான்.