பேரனுக்கு ஒரு அம்பு ஸ்டிக்கர்

ஏனப்புனு, கலை விமர்சகராகப் போறயாமா? உங்கம்மா ரெண்டு நாளா ஒரே வெசனம். நாந்தான் தேத்துனேன்: "உடு புள்ள, நம்மூருல பனியனைத் திருப்பிப் பாத்துக் கொறை சொல்றதுக்கே சம்பளம் குடுக்கறாங்க, படத்தைப் பாத்துச் சொன்னா குடுக்க மாட்டாங்களா?" குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அவகிட்டச் சொல்லல.

மெட்ராசுல ஜோசப் ஜேம்ஸ்னு ஒருத்தர், சோழமண்டலம் ஓவியர் கிராமத்து ஓவியருங்களைப் பத்தி எழுதி எழுதி வெளங்க வெச்சவரு. சம்பளம் வாங்குனது எதுக்கு? கிறிஸ்தவக் கல்லூரியில பொருளாதாரம் நடத்துனதுக்கு. ஆனந்த குமாரசாமி இருக்காரே, 1877-ல கொழும்புல பொறந்த தமிழர் மகன், அவரு படிச்சது கல்லும் மண்ணும். இலங்கையில கனிம ஆய்வுக்குத் தலைவரா இருந்து, தோரியனைட்டுனு புதுக் கனிமத்தையே கண்டுபுடிச்சாரு. நடராசர் பக்கம் வந்ததெல்லாம் அப்பறம். 1917-ல பாஸ்டன் அருங்காட்சியகத்துல வேலைக்குச் சேந்தப்ப வயசு நாப்பது. நீ இருவத்திரண்டுலயே "இருப்பின் வெளி"ன்னு எழுதற. எந்த வெளி சாமி, பல்லடம் ரோட்டுல இருக்குதா?

இன்னொண்ணு கேளு. இடைக்காலச் சிங்களக் கலை பத்தின பொஸ்தகத்தை 1908-ல, இங்கிலாந்துக் கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸ் வெச்சிருந்த கை அச்சு எந்திரத்துல, தன்ற வீட்டுலயே அடிக்க வெச்சாரு மனுசன். மொத்தம் 425 பிரதி. ஒரு பண்டம் எப்படி உருவாகுதுன்னு கிட்ட உக்காந்து பாக்கற கிறுக்கு அது. செயற்கைச் சாயம் அவருக்கு ஆகவே ஆகாது. அன்னைக்கு யாரு காதுல போட்டுக்கிட்டாங்க? நம்ம நொய்யல் ஆறு சாயத்துல நெறம் மாறி, 2011 சனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறையெல்லாம் மூடச் சொன்னப்பறந்தான் நமக்கு ஒறைச்சுது.

நம்ம கம்பெனியில செக்கிங் பண்ற புள்ளையப் பாத்திருக்கியா? லைட்டுக்கு நேரா பீஸைப் புடிச்சு, உள்பக்கத்தைத் திருப்பி, தோள்பட்டைத் தையலை ரெண்டு கையிலயும் இழுத்துப் பாப்பா. ஊசிக் கோடோ ஓட்டையோ எண்ணெய்க் கறையோ, கண்ட எடத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கர். அவ எழுத்து அவ்வளவுதான். டெய்லர் மொறைச்சாலும் உரிக்க மாட்டா. உன்ற கட்டுரையிலயும் அம்பைத் தேடுனேன். ஓவியர் வீட்டு டீ நல்லாருந்துச்சுங்கறது மட்டும் தெரிஞ்சுது.

திங்கக்கெழமை காலையில எட்டரைக்கு வந்துரு. மூணு மாசம் அம்பு ஒட்டு, பீஸ் ரேட்டு போடச் சொல்றேன். படத்துக்கு அப்பறம் போலாம். உங்கம்மாகிட்ட மட்டும், விமர்சகர் வேலை கெடைச்சுருச்சுன்னு சொல்லிரு.