பாத்தாச்சா சார்

வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் எங்கள் அபார்ட்மென்ட்டில் 'பாத்தாச்சா சார்' என்று சொன்னால்தான் வாட்ச்மேனுக்கே ஆள் யாரென்று புரியும். லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் வெயிலைப் பற்றியோ தண்ணி லாரியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசுவார்கள். இவர் எடுத்த எடுப்பில் "பாத்தாச்சா?" என்பார். எதை என்று சொல்ல மாட்டார். அது தெரியாதவனிடம் பேசி என்ன பயன் என்ற எண்ணமாக இருக்கலாம். "இல்லையே சார்" என்று சொன்னால் தொலைந்தோம். ஊரே எழவு வீட்டில் இருக்கும்போது கல்யாணத்துக்கு மொய்க்கவர் தேடிக்கொண்டிருப்பவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். "பாத்தாச்சு" என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. "அப்ப டேனிஷ்ல ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துடுங்க. அதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

இந்த ரகம் இன்று தெருவுக்கு நாலு பேர் உண்டு. முன்பும் இருந்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்குத் தீனி போதவில்லை. 1950இல் தொடங்கி 1954 வரை 'கல்கி'யில் பொன்னியின் செல்வன் வந்தபோது எல்லோரும் வாரத்துக்கு ஒருமுறைதான் படித்தாக வேண்டும். வந்தியத்தேவன் என்ன ஆனான் என்பது அடுத்த இதழ் வரும்வரை யாருக்கும் தெரியாது. எவ்வளவு பெரிய மேதாவியாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரைவிட ஓர் அத்தியாயம்கூட முந்த முடியாது. பாத்தாச்சா சார் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் வேறு ஏதாவது உருப்படியான தொழிலுக்குப் போயிருப்பார்.

காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சி. காதில் பிரிட்டிஷ் அரசியல் பாட்காஸ்ட். லண்டன் அமைச்சரவையில் யாருக்கும் யாருக்கும் ஆகாது, அடுத்து யார் நாற்காலி ஆடும் எல்லாம் அத்துப்படி. நம் வார்டு கவுன்சிலர் யார் என்று கேட்டேன். போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார். எதைக் கேட்டாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பார். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நேரில் பேசுகிற மனிதர்கள் எல்லோரும் அவருக்கு இழுத்து இழுத்துப் பேசுகிற மாதிரி ஆகிவிட்டார்கள். ஊரிலிருந்து அவர் அம்மா போனில் பேசும்போது பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் மாட்டுக் கொட்டகையில் ஆரம்பித்து மருந்துச் சீட்டுக்கு வருவதற்குள், இவர் கட்டைவிரல் திரையில் அந்த 1.5 எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்.

அவர் சிபாரிசுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. "மொதல் நாலு எபிசோட் கொஞ்சம் இழுக்கும், அஞ்சாவதுல புடிச்சுக்கும்." நாலு எபிசோட் என்றால் நாலு மணி நேரம். அதற்குள் சென்னையிலிருந்து வேலூர் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கிளம்பிவிடலாம். எல்லோரும் பார்த்துவிட்டது எதுவோ, அது அவர் பட்டியலில் நிற்காது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. மலையாளப் படம், அவருடைய ராஜ்ஜியம். முதல் வாரம் தலைகால் புரியாமல் திரிந்தார். இரண்டாவது வாரம் அயர்ன்காரர் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, குகைக்குள் அந்தக் 'குணா' படப் பாட்டு வரும் இடத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அன்றோடு சாருக்கு அந்தப் படம் கசந்துவிட்டது. "அதை விடுங்க சார், 'குணா' 1991ல வந்தப்பவே…" என்று முப்பத்துமூன்று வருடம் பின்னால் போய் மறுபடி முதல் ஆளாக நின்றுகொண்டார்.

இலக்கியத்திலும் இதே கதைதான். ஜெயமோகன் 2014இல் தொடங்கி 2020 வரை தொடர்ந்து எழுதி, இருபத்தாறு நாவல்களாக முடித்த 'வெண்முரசு' பற்றிப் பேச்சு வந்தால் சாருக்குக் குரலே மாறிவிடும். துரியோதனனில் தொடங்குவார், கர்ணனைத் தொடுவார், எப்படிச் சுற்றினாலும் மேற்கோள் காட்ட 'முதற்கனலி'ல் வந்து நிற்பார். முதற்கனல் அந்த வரிசையில் முதல் நாவல். ஆனால் ஒன்று, படித்து முடித்தேன் என்று அவர் பொய் சொன்னதே இல்லை. "போயிட்டிருக்கு" என்பார். அவ்வளவுதான்.

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். புத்தகக் காட்சி தொடங்கியதும் ஆள் பத்து வயது குறைந்துவிடுவார். துணிப்பை நாலு, பத்து சதவீதத் தள்ளுபடி, வெளியே வந்ததும் டெல்லி அப்பளம். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் புத்தகங்களை முதுகு தெரியும்படி அடுக்கி ஒரு படம் எடுப்பார். 'இவ்வாண்டு அறுவடை' என்று போடுவார். போன வருஷத்து அறுவடை கண்ணாடித் தாள்கூடப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அதன்மேல்தான் இந்த வருஷத்தை அடுக்கினார்.

ஜோர்டன் எல்லன்பர்க் என்று ஒரு அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், 2014இல் ஒரு வேடிக்கைக் கணக்குப் போட்டார். கிண்டிலில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட ஐந்து வரிகள் சராசரியாகப் புத்தகத்தின் எத்தனையாவது பக்கத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது. கோடு எங்கே நிற்கிறதோ, ஜனங்கள் ஏறக்குறைய அங்கே இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஸ்டீபன் ஹாக்கிங்கின் காலம் பற்றிய புத்தகம் வாங்கியவர்கள் அதிகம், முடித்தவர்கள் குறைவு என்பது உலகறிந்த விஷயம் ஆகையால் அவர் பெயரையே அந்த அளவுகோலுக்கு வைத்துவிட்டார். ஹாக்கிங்குக்குக் கிடைத்தது 6.6 சதவீதம். தாமஸ் பிக்கெட்டி மூலதனத்தைப் பற்றி எழுதிய எழுநூறு பக்கத் தலையணைக்கு 2.4. டோனா டார்ட்டின் நாவல் ஒன்று மட்டும் 98.5 வாங்கியது, கதை என்றால் கடைசிவரை போகிறார்கள் போலிருக்கிறது.

இதைப் பாத்தாச்சா சாரிடம் சொன்னேன், குத்திக்காட்டத்தான் சொன்னேன். முழுவதும் கூர்ந்து கேட்டார். "பிரமாதமான கட்டுரையா இருக்கும் போல, லிங்க் அனுப்புங்க. சேவ் பண்ணி வச்சுக்கிறேன்."

பிக்கெட்டி அவரிடமும் உண்டு. ஆனால் அதற்கு இப்போது வழி கண்டுபிடித்துவிட்டார். பிடிஎஃப்பை ஏற்றினால், ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து அரட்டையடிப்பதுபோல அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசிக்காட்டும் செயலி ஒன்றை கூகுள் விட்டிருக்கிறது. "எழுநூறு பக்கம் சார், இருபது நிமிஷம்!" என்றார். அந்த இருபது நிமிஷத்தையும் ஒன்றரை மடங்கில் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

'அடலசன்ஸ்' தொடர் வந்த 2025 மார்ச்சில் அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. சொசைட்டி பராமரிப்புக் கணக்கில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கையெழுத்துக்கு முன் வகுப்பு. நாலே எபிசோட், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். இரண்டாவது எபிசோட் முடிவில் கேமராவைக் கையிலிருந்து ட்ரோனில் மாட்டி, பள்ளிக்கூடத்துக்கு மேலே பறக்கவிட்டு, திரும்பத் தரையில் இறக்கி அப்பா முகத்துக்கு வருகிறார்களாம். யார் மாட்டினார்கள், எப்படி மாட்டினார்கள் என்று கை இரண்டையும் தூக்கிக் காட்டினார். காற்று அடித்தால் என்ன ஆகும் என்பதுவரை விளக்கினார். நானும் வாய் பிளந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காபி கொண்டுவந்த வீட்டம்மா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அதை விடுங்க தம்பி. கடைசியில அந்த அப்பா, பையன் ரூமுக்குப் போயி, அந்தக் கரடி பொம்மையைப் படுக்கவச்சுப் போர்த்திவிடுவாரே… எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல."

"ஏய், ஸ்பாய்லர்! ஸ்பாய்லர்!" என்று காதைப் பொத்திக்கொண்டார் சார்.

அந்த அம்மாள் எதுவும் சொல்லவில்லை. கணக்கு நோட்டில் அவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் பால் இருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும், அவர் சொல்லித்தான் நான் எத்தனையோ நல்ல படங்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மூக்கு அவருக்கு. சரக்கு எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார். அவரும் பார்த்திருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம், அந்த ஒரு குறைதான்.

வருஷத்தில் அவருக்குப் பெரிய பரீட்சை அக்டோபரில். இலக்கிய நோபல் அறிவிக்கும் நாள். நம் நேரத்துக்கு மாலை நாலரை வாக்கில் பெயர் வரும். இரவு சாப்பாட்டுக்குள் அந்த எழுத்தாளரோடு நெடுநாள் பழகியவர் மாதிரி ஆகிவிடவேண்டும். 2021இல் அப்துல்ரசாக் குர்னா கொஞ்சம் ஆட்டம் காட்டினார். 2025இல் ஹங்கேரியின் லாஸ்லோ கிராஸ்னஹோர்காய். பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகவே எட்டு மணி ஆகிவிட்டது. ஆனாலும் சார் சளைக்கவில்லை. கிராஸ்னஹோர்காயின் நாவலை வைத்து பேலா தார் எடுத்த 'சாத்தான்டாங்கோ' ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். மழையில் நனைந்த சேற்றில் ஆட்கள் நடந்து போய்க்கொண்டே இருப்பார்கள், கேமராவும் அவசரமில்லாமல் கூடவே போகும். அதையும் வழக்கமான வேகத்தில் வைத்தாராம். "நல்லா விறுவிறுப்பா போச்சு சார்" என்றார். அந்தப் படத்தைப் பற்றி உலகத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

தீபாவளிக்கு இனிப்பு கொடுக்க வந்தபோது கையில் அதே எழுத்தாளரின் இன்னொரு நாவல் இருந்தது. நானூறு பக்கம், மொத்தமும் ஒரே வாக்கியம். என்ன சார், எதுவரைக்கும் வந்திருக்கீங்க என்று கேட்டேன்.

"போயிட்டிருக்கு. மூணாவது பக்கத்துலயே வைக்கலாம்னுதான் பாத்தேன்," என்றார். "நிறுத்தறதுக்கு ஒரு முற்றுப்புள்ளி வரட்டுமேன்னு இருக்கேன்."