சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

பழைய புல்லட்டின் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் மாட்டுகிறவர், எஞ்சினின் மூச்சுத்திணறல் தீர்ந்தது என்கிறார். தீர்ந்தது திணறல், தொடங்குவது பட்டினி. 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். புகை தடையின்றி வெளியேறினால் காற்று கூடுதலாக உள்ளே வரும். பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டோ கம்பெனி துளைத்த அளவிலேயே இருக்கும். கலவை மெலியும், எஞ்சின் சூடேறும், பிளக் வெளுக்கும். ஆக்சிலேட்டரை விட்டதும் கேட்கும் ‘படபட’, எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய் எரிவது. ஓட்டுகிறவர் காதுக்கு அது வீரம். “என்னுடையது எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூவல் இன்ஜெக்ஷன்), சென்சார் பார்த்துக்கொள்ளும்” என்பார்கள் சிலர். சீரான வேகத்தில் ஓரளவு பார்த்துக்கொள்ளும். முழுசாக முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகள் சென்சாரைக் கேட்பதில்லை, கம்பெனிக் கணக்கையே பின்பற்றும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், சத்த வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை. கலவையைச் சரிசெய்யும் பெரிய ஜெட் அதைவிட மலிவு.