பீரோவுக்குப் பின்னால் ஒளிந்த வை-ஃபை

கே: ரவுட்டர் ஒன்றுதான். மொபைலில் இரண்டு பெயர் காட்டுகிறது. ஒன்றின் வாலில் '5ஜி'. நம்ம ஊர் டவர் 5ஜி-யா இது? (கவரைப்பேட்டை)

ப: டவருக்கும் இதற்கும் உறவே இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, இன்னொன்று 2.4. 5 வேகமாக ஓடும், இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். 2.4 நிதானம், ஆனால் வாசல்வரை போகும். ஹாலில் டிவி, லேப்டாப்புக்கு 5. கேட் கேமராவுக்கு 2.4. கேமரா, ஸ்மார்ட் பிளக் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. அதனால் இரண்டு பெயரும் இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

கே: சிப்காட் பக்கம் லைன் வீடு. வீட்டுக்கு வீடு வை-ஃபை. ராத்திரியானால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. (கும்மிடிப்பூண்டி)

ப: 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அத்தனை வீடும் அதற்குள் நெரிந்தால் என்ன ஆகும்? 5-க்கு மாறுங்கள், அங்கே இடம் தாராளம். பக்கத்து வீட்டு 5 சுவரிலேயே தேய்ந்துவிடுவதும் உங்களுக்கு லாபம். பிறகும் சுற்றினால் லேப்டாப்பில் லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். அதிலும் சுற்றினால் கோளாறு வை-ஃபையில் இல்லை, வெளியிலிருந்து வரும் லைனில்.

கே: விலை கூடின ரவுட்டர் வாங்கியும் மாடிக்கு எட்டவில்லை. (திருவள்ளூர்)

ப: எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! பெரும்பாலும் ஃபைபர் ஒயர் நுழைந்த மூலையில், பீரோவுக்குப் பின்னால். இரும்பு, அலையைத் திருப்பி அடிக்கும். மீன் தொட்டித் தண்ணீர் விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.4-ஐ ஒட்டித்தான், அதன் பக்கத்திலும் வேண்டாம். வீட்டு நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். மாடிக்கு லேன் கேபிள் ஒன்றை இழுத்து, பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி மாட்டுங்கள். 100 மீட்டர்வரை கேபிள் சளைக்காது. மலிவு ரிப்பீட்டர் வேண்டாம். வாங்கும் சேனலிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். பெட்டிக்குக் கொட்டும் காசில் கால்வாசி கேபிளுக்குப் போதும்.

கே: வீட்டு வை-ஃபையை எதிரே உள்ள பட்டறைக்கு அனுப்ப லைசென்ஸ் வேண்டுமா? (காக்களூர்)

ப: வேண்டாம். 2.4-க்கு 2005-லேயே விலக்கு. 5, முதலில் வீட்டுக்குள் மட்டும்; 2018 அக்டோபர் விதிகள் வெளியிலும் அனுமதித்தன, சக்தி வரம்போடு. ஆனால் பட்டறை தகர ஷெட்டா? அலை தகரத்தோடு நின்றுவிடும். இரு கூரையிலும் நேருக்கு நேர் வெளிப்புற ஆன்டெனா வைத்து, அங்கிருந்து ஷெட்டுக்குள் கேபிள் இறக்குங்கள்.

கே: வருகிறவர்களெல்லாம் பாஸ்வேர்ட் கேட்கிறார்கள்! (பொன்னேரி)

ப: 'கெஸ்ட்' பெயர் ஒன்றைத் தனியாகத் திறந்து அதைக் கொடுங்கள். கேமரா ஓடும் வலையின் பாஸ்வேர்ட் வீட்டாரோடு நிற்கட்டும்.