ஆறு மாத ராத்திரி

கேள்வி: துருவத்தில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்கிறார்களே, அங்குள்ளவர்கள் ஆறு மாதம் தூங்குவார்களா?

பதில்: அந்தக் கணக்கு துருவப் புள்ளிக்குத்தான் பொருந்தும். வட துருவத்தில் சூரியன் மார்ச்சில் உதித்துச் செப்டம்பரில் மறைகிறது. குடியிருப்பவர் யாரும் இல்லாததால் தூக்கப் பிரச்சினையும் இல்லை. இவ்வளவு நீண்ட பகலுக்கும் இரவுக்கும் பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதே காரணம். கோடையில் துருவம் சூரியன் பக்கம் சாய்வதால், பூமி எத்தனை முறை சுழன்றாலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போவதில்லை. குளிர்காலத்தில் நேர்மாறு.

மக்கள் வாழும் இடம் என்றால், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளிலுள்ள லாங்யியர்பியென். 78 பாகை வட அட்சரேகை. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதிவரை அங்கே நள்ளிரவிலும் வெயில். கனத்த திரை போட்டுத்தான் தூங்க வேண்டும். அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்தைத் தாண்டும். பள்ளியும் அலுவலகமும் கடிகாரத்தை நம்பி நடக்கும். வந்த சூரியனையும் மலைகள் மறைத்துக்கொள்ள, ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். அன்று பழைய மருத்துவமனைப் படிக்கட்டருகே கூடி வரவேற்கிறார்கள். நாலு மாதம் லீவு போட்டவருக்கு இந்த மரியாதை வேறெங்கும் கிடைக்காது!

இருட்டு முழுக்கக் கும்மிருட்டும் அல்ல. தொடக்கத்திலும் முடிவிலும் நடுப்பகலில் அந்தி வெளிச்சம் தெரியும். வானம் தெளிந்தால் துருவ ஒளியும் உண்டு. குளிர்காலப் பௌர்ணமி நிலாவோ பல நாள் மறையாமல் வானத்தையே சுற்றிவரும்.